எங்கே சொல்வது, எப்போது சொல்வது: விமானி வேலையும் உடற்குறையும்

சோவியத் நூல்கள் மலிவு விலையில் கிடைத்த காலத்தில் தமிழில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ‘உண்மை மனிதனின் கதை’ நினைவிருக்கும். பரீஸ் பொலெவோய் 1946இல் எழுதிய நாவல் அது. அதன் நாயகன் கற்பனையில் பிறந்தவன் அல்லன். அலெக்ஸி மரேஸ்யெவ் என்ற போர் விமானியின் வாழ்க்கையிலிருந்து வந்தவன். 1942 ஏப்ரலில் மரேஸ்யெவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாட்கள் தவழ்ந்து தம் மக்களிடம் வந்து சேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே செயற்கைக் கால்களுடன் மீண்டும் போர்முனையில் பறந்தார். மருத்துவர்கள் பார்த்திருக்க அந்த நாயகன் நடனமாடிக் காட்டும் இடம், படித்தவர் மனத்தைவிட்டு எளிதில் அகலாது.

தமக்குக் கால் இல்லை என்பதை மரேஸ்யெவ் மறைக்கவில்லை. அது மருத்துவக் கோப்பிலேயே இருந்தது. கோப்பு எழுப்பிய ஐயத்துக்கு உடலால் விடை சொன்னார். சொல்லவும் செய்தார், செய்தும் காட்டினார்.

இன்று பயணிகள் விமானத்தில் விமானியாக விண்ணப்பிக்கும் ஒருவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் இருக்கலாம், ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் இருக்கலாம், விரல்கள் குறைந்திருக்கலாம். விண்ணப்பப் படிவம் முன்னால் இருக்கிறது. சொன்னால் நேர்காணலுக்கே அழைக்க மாட்டார்களோ என்ற அச்சம். சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரியவந்தால் பொய்யர் என்ற பழி வருமோ என்ற இன்னோர் அச்சம். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவே, சொல்வதா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வியாக விஷயம் சுருங்கிவிடுகிறது. அங்கேதான் பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடைகள் வேறு. இதை மிக விரிவாகச் சட்டமாக்கியும் வழக்காடியும் பார்த்த நாடு அமெரிக்கா என்பதால், அந்த நாட்டு அனுபவத்தை வைத்தே இக்கட்டுரை பேசுகிறது.

இரண்டு வாசல்கள்

விமானி வேலைக்குப் போகிறவர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதல் வாசலில் அரசு நிற்கிறது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., தரும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் யாரும் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. இரண்டாவது வாசலில் விமான நிறுவனம் நிற்கிறது. அது வேலை கொடுப்பவர்.

முதல் வாசலில் எழும் கேள்வி பொதுமக்களின் உயிர் பற்றியது: இவர் கையில் விமானத்தை ஒப்படைக்கலாமா? இரண்டாவது வாசலில் எழுவது வேலைவாய்ப்பு பற்றியது: தகுதியுள்ள பலருள் இவரை எடுக்கலாமா? முதல் கேள்விக்கு உடலைப் பற்றிய முழு உண்மை தேவை. இரண்டாவது கேள்வியில் அந்த உண்மை முன்கூட்டியே நுழைந்தால் தகுதியைப் பார்க்கும் கண்ணையே அது மறைத்துவிடும். ஒரு வாசலில் சொல்ல வேண்டியதை இன்னொரு வாசலில் சொல்லியும், சொல்லியே தீர வேண்டிய இடத்தில் மறைத்தும் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மருத்துவர் முன்னால்

விமான நிறுவனத்தில் தலைமை விமானியாகப் பறக்க முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவர்கள் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பரிசோதனைக்கு முன் நிரப்பும் படிவம் 8500-8, வாழ்நாளில் எப்போதாவது இருந்த நோய்கள், அறுவை சிகிச்சைகள், உடல்நிலையைக் காட்டிப் பெற்ற உதவித்தொகை வரை கேட்கிறது. இங்கே மௌனத்துக்கு இடமில்லை. தெரிந்தே பொய் எழுதினால் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டப்படி 5 ஆண்டுகள் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். மருத்துவச் சான்றிதழோடு விமானி உரிமமும் பறிபோகலாம்.

ஆனால் இதே விதித்தொகுப்புக்குள் பலருக்கும் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. வலிப்பு, சில இதய நோய்கள், போதைப் பழக்கம் எனக் குறிப்பாகத் தகுதியிழக்கச் செய்யும் நிலைகள் 15 என்று எஃப்.ஏ.ஏ. பட்டியலிட்டிருக்கிறது. கை, கால் இழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஒற்றைக் கண் பார்வையும் இல்லை. உடற்குறை நிலையானதாக, மேலும் வளராததாக இருந்தால், செய்து காட்டிய திறனுக்கான சான்று ஒன்றை எஃப்.ஏ.ஏ. வழங்க முடியும். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து விமானிகள் அதை ‘சோடா’ என்கிறார்கள். அதைப் பெற விண்ணப்பதாரர் எஃப்.ஏ.ஏ. ஆய்வாளரை அருகில் அமர்த்திக்கொண்டு பறந்து காட்ட வேண்டியிருக்கும். செயற்கைக் காலால் மிதியை முழுவதும் அழுத்த முடிகிறதா, ஒற்றைக் கண்ணால் ஓடுதளத்தின் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடிகிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒரு கண்ணை இழந்தவருக்குப் புதிய பார்வை பழக 6 மாத அவகாசமும் உண்டு. நோய்களுக்காக வழங்கும் சிறப்பு அனுமதி குறிப்பிட்ட காலத்தோடு முடிந்துவிடும். சோடாவுக்குக் காலாவதி கிடையாது. செயற்கைக் கால் அணிந்தே பறக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் மட்டும் சான்றிதழில் ஏறும்.

இன்னொரு நுட்பமும் இந்த விதிகளில் உண்டு. சொந்த விருப்பத்துக்காகப் பறக்கும் தனியார் விமானி தன் உயிரையும் உடைமையையும் பொறுத்து ஓரளவு ஆபத்தை ஏற்கும் சுதந்திரம் உடையவர் என்று விதியே சொல்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்த ஜெசிகா காக்ஸ், 2008இல் கால்களால் விமானம் ஓட்டி விளையாட்டு விமானி உரிமம் பெற்றார். வால் சுக்கானுக்கான கால் மிதிகள் இல்லாத எர்கூப் ரகச் சிறு விமானம் அவருக்குப் பொருந்தியது. அவர் சாதனை பெரியது. ஆனால் அதை வைத்துப் பயணிகள் விமானத்தின் கேள்விக்கு விடை காண முடியாது. அங்கே அளவுகோல் வேறு, அது வேறாக இருப்பதும் நியாயம்.

மறைத்தவருக்கு நடந்தது

மருத்துவரிடம் மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எஃப்.ஏ.ஏ. எதிர் கூப்பர் வழக்கு பாடம். வழக்குத் தொடுத்தவர் 1964 முதல் உரிமம் வைத்திருந்த தனியார் விமானி. 1985இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. அத்தொற்று உள்ளவர்களுக்கு அன்று எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் தருவதில்லை. பறப்பதை அவரே நிறுத்திக்கொண்டார். சிகிச்சையால் உடல் தேறியபின் 1994இல் நோயைக் குறிப்பிடாமல் மீண்டும் சான்றிதழ் பெற்றார். பின்னர் பலமுறை புதுப்பித்தார். இடையில் நோயைக் காட்டிச் சமூகப் பாதுகாப்புத் துறையில் உதவித்தொகையும் பெற்றிருந்தார். பல்லாயிரம் விமானிகளின் பட்டியலை உதவித்தொகைப் பட்டியலோடு அரசு ஒப்பிட்டபோது அவர் பெயர் இரண்டிலும் இருந்தது. உரிமம் ரத்தானது. குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். தன் அந்தரங்கத் தகவலைத் துறைகள் பகிர்ந்துகொண்டதற்காக இழப்பீடு கேட்டார். மனவேதனைக்கு அரசிடம் இழப்பீடு கேட்க, அந்தரங்கத் தகவலைக் காக்கும் சட்டத்தில் இடமில்லை என்று 5க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் மறுத்தது.

இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பிற்பாடு அவர் மறுபடி விண்ணப்பித்தபோது, நோயையும் சிகிச்சையையும் பற்றிய முழு ஆவணங்களைப் பார்த்த பிறகு எஃப்.ஏ.ஏ. அவருக்கு உரிமத்தையும் மருத்துவச் சான்றிதழையும் திரும்பக் கொடுத்தது. உரிமம் போனதற்குக் காரணம் மறைத்தது. திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் சொன்னது. ஆனால் ஒரு காலத்தில் உண்மையைச் சொன்னால் கதவு அடைபடும் என்ற நிலையை உண்டாக்கியது விதிதானே? மறைத்தது அவர் குற்றம். மறைக்கத் தூண்டிய இறுக்கத்துக்கு விதி எழுதியவர்களும் பொறுப்பு. மருத்துவ அறிவு வளர வளர விதி இளக வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்குப் பல பத்தாண்டுகளாக மூடியிருந்த முதல் வகுப்புச் சான்றிதழின் கதவு 2019 இறுதியில்தான் திறந்தது.

நிறுவனத்தின் முன்னால்

இனி இரண்டாவது வாசல். 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். அதன் மிக முக்கியமான ஏற்பாடுகளில் ஒன்று, கேள்வி கேட்கும் வரிசையைப் பற்றியது. வேலை தருவதாக நிபந்தனையுடன் உறுதி சொல்லும் முன், விண்ணப்பதாரருக்கு உடற்குறை உண்டா என்று நிறுவனம் கேட்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையும் செய்யக் கூடாது. உறுதி சொன்ன பின், அந்தப் பணிக்கு வரும் எல்லாருக்கும் ஒன்றுபோலச் செய்வதாக இருந்தால் பரிசோதிக்கலாம். அதில் தெரியவந்த குறைக்காக வேலையை மறுத்தால், அந்த மறுப்பு பணியோடு நேரடித் தொடர்புடையது, தொழிலுக்கு இன்றியமையாதது என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். மருத்துவத் தகவல் பணிக்கோப்பில் கலக்காமல் தனிக்கோப்பில் இரகசியமாக இருக்க வேண்டும்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஆழ்ந்த மனித அறிவு இருக்கிறது. முன்பெல்லாம் நிராகரிக்கப்பட்டவருக்கு எதனால் நிராகரித்தார்கள் என்றே தெரியாது. அனுபவம் போதவில்லையா, கால் இல்லாததாலா? இரண்டும் ஒரே ‘வருந்துகிறோம்’ கடிதத்தில் புதைந்துவிடும். தகுதியை முதலில் எடை போட்டு, உடலைப் பின்னால் பார்த்தால், மறுப்பின் காரணம் வெளிச்சத்துக்கு வரும். காரணம் வெளியே வந்தால்தான் அதை எதிர்த்து வாதாட முடியும்.

நிறுவனம் எதையுமே கேட்கக் கூடாது என்பது இதற்குப் பொருள் அல்ல. பணியின் கடமைகளை விளக்கி, இவற்றை உங்களால் செய்ய முடியுமா என்று கேட்கலாம். சம வேலைவாய்ப்பு ஆணையம் 1995இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாக்கியது. குறை கண்ணுக்குத் தெரிந்தால், அல்லது விண்ணப்பதாரரே சொல்லிவிட்டால், குறிப்பிட்ட கடமையை எப்படிச் செய்வீர்கள் என்று விளக்கவும் செய்து காட்டவும் கேட்கலாம். இங்கேயும் ‘செய்து காட்டு’ என்பதே வழி.

விண்ணப்பங்களோடு வரும் இன்னொரு தாள் பலரைக் குழப்புகிறது. கூட்டாட்சி அரசோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களுக்காக 2014இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தமக்கு உடற்குறை உண்டா என்று விருப்பமிருந்தால் குறிக்கும் படிவம் அது. அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒவ்வொரு பணிப்பிரிவிலும் 7 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்ற இலக்கு எட்டப்படுகிறதா என்று கணக்கிடுவதற்கே அந்தத் தகவல். ஆள் எடுப்பவர்கள் பார்க்க அல்ல. பதில் சொல்ல விரும்பவில்லை என்று குறிக்கவும் அதிலேயே இடம் உண்டு. அதை மருத்துவப் படிவமாக எண்ணி அஞ்ச வேண்டாம். அதில் சொல்லாமல் விடுவது பொய்யும் ஆகாது.

கண்ணாடி அணிந்த இரட்டையர்

சட்டம் எழுதிவிட்டால் போதாது என்பதை விமானிகள் தொடுத்த வழக்கே காட்டியது. இரட்டைச் சகோதரிகள் இருவர் பிராந்திய விமான நிறுவனங்களில் விமானிகளாக இருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அவர்களின் பார்வை வலக்கண்ணில் 20/200, இடக்கண்ணில் 20/400. மற்றவர்கள் 200 அடியிலும் 400 அடியிலும் படிப்பதை அவர்கள் 20 அடிக்கு வந்துதான் படிக்க முடியும். கண்ணாடி போட்டால் குறையற்ற பார்வை. எஃப்.ஏ.ஏ.யின் மருத்துவத் தகுதியும் அவர்களுக்கு இருந்தது. 1992இல் யுனைடெட் ஏர்லைன்ஸில் விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போனார்கள். கண்ணாடி இல்லாமலேயே 20/100 பார்வை வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. உங்களை அழைத்ததே தவறு என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1999 ஜூன் 22 அன்று 7க்கு 2 என்ற கணக்கில் சகோதரிகள் தோற்றார்கள். கண்ணாடியோடு பார்த்தால் அவர்களுக்குக் குறையே இல்லை, ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்பும் இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நாட்டில் 4.3 கோடி மாற்றுத்திறனாளிகள் என்று சட்டத்தின் முகவுரை சொல்கிறது, கண்ணாடி அணிந்தவர்களையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும் என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார். உலகப் பயண விமானி என்பது ஒரு வேலைதான், வேறு விமானி வேலைகள் இருக்கின்றனவே என்றும் சொன்னது தீர்ப்பு. நீதிபதிகள் ஸ்டீவன்ஸும் பிரையரும் மாறுபட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு விரித்த வலையை எண்ணிப் பாருங்கள். நிறுவனத்தின் கண்ணுக்கு வேலை தர முடியாத அளவு குறையுள்ளவர்கள். சட்டத்தின் கண்ணுக்குப் பாதுகாப்புத் தேவைப்படாத அளவு குறையற்றவர்கள். கண்ணாடி, செவிக்கருவி, செயற்கைக் கால், மருந்து என எதைக்கொண்டு உடலைச் சரிசெய்தாரோ, அதுவே ஒருவரின் உரிமையைப் பறித்தது. அடுத்த 9 ஆண்டுகளில் பலருடைய வழக்குகள் இந்த வலையில் சிக்கி விழுந்தன. 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2009 ஜனவரி 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சரிசெய்யும் கருவிகளைக் கணக்கில் கொள்ளாமலே உடற்குறையை மதிப்பிட வேண்டும் என்றது திருத்தம். சாதாரண மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. ஆனால் கண்ணாடியில்லாப் பார்வையை வைத்து ஆள் எடுக்கும் எந்த நிறுவனமும் அந்த அளவுகோல் பணிக்கு இன்றியமையாதது என்று காட்ட வேண்டும் என்ற தனி விதியையும் சேர்த்தது. அந்தத் திருத்தத்தால் அந்தச் சகோதரிகளுக்கு அந்த வேலை கிடைத்துவிடவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காகச் சட்டத்தில் ஒரு வரி எழுதப்பட்டது.

விமானி அறை என்ன கேட்கிறது?

உரிமையைப் பேசும்போது பணியின் கடுமையையும் நேராகப் பார்க்க வேண்டும். பயணிகள் விமானத்தில் இருவர் ஓட்டுகிறார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் தனியாகவே தரையிறக்க வேண்டும். அதனால் ஒருவர் குறையை இன்னொருவர் எப்போதும் ஈடுசெய்வார் என்று கணக்குப் போட முடியாது. ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது ஓர் எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்க மிதியைக் காலால் பலமாக அழுத்தி, வால் சுக்கானைத் திருப்பி, நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். அதே மிதிகளின் மேல்விளிம்பைப் பாதத்தின் முன்பகுதியால் அழுத்தினால் பிரேக். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், உயிர்வளி முகமூடியை ஒரே கையால் 5 வினாடிகளுக்குள் அணியக்கூடியதாக வைத்திருக்க விதி சொல்கிறது. மறு கை விமானத்தை விடக் கூடாது. நெருக்கடியில் பயணிகளை வெளியேற்ற வேண்டும். வழி அடைபட்டால் விமானி அறையின் சன்னலிலிருந்து கயிறு பிடித்து இறங்க வேண்டும்.

இவை அனைத்தும் சோதித்துப் பார்க்கக் கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கைக் கால் மிதியை அழுத்துகிறதா, இல்லையா? சிமுலேட்டரில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். விமான மருத்துவம் மிகவும் அஞ்சுவது பறக்கும்போது திடீரெனச் செயலிழப்பதை. இருவர் ஓட்டும் விமானத்தில் ஓராண்டில் 1 விழுக்காட்டுக்கு மேல் அந்த வாய்ப்பு இருக்கக் கூடாது என்ற அளவுகோலை ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கினார்கள். குணமாகி நிலைத்த ஒரு கால் இழப்பு, நேற்று எப்படியோ நாளையும் அப்படியே. திடீர்ச் செயலிழப்பு என்ற கணக்கில் அது, வெளியே தெரியாத இதய அடைப்பைவிடப் பாதுகாப்பானது. நம் கண் எதைக் கண்டு பதறுகிறதோ, அதுவே பெரிய ஆபத்தாக இருக்க வேண்டியதில்லை.

எப்போது வாயைத் திறப்பது?

இவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் வழி இது. எஃப்.ஏ.ஏ. மருத்துவரிடம் எல்லாவற்றையும், முதல் நாளே. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே சோடாவுக்கு முயல்வது அறிவுடைமை. பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த பிறகே அமெரிக்காவில் விமான நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியும். அத்தனை செலவும் உழைப்பும் போன பின் சான்றிதழ் மறுக்கப்படுவது கொடுமை.

நிறுவனத்திடம், விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டிய கடமை இல்லை. தேர்வுக்கு ஏதேனும் வசதி தேவையென்றால், இருக்கையை மாற்றியமைப்பது போல, அந்த அளவுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் குறையென்றால் நேர்காணலில் தாமே பேச்சை எடுப்பது பெரும்பாலும் நல்லது. எதிரே இருப்பவர் கேட்கத் தயங்கி மனத்துக்குள் முடிவு கட்டிவிடுவதைவிட, இதோ சான்று, இதோ நான் பறந்து காட்டிய சோதனை, இத்தனை மணி நேரம் இப்படித்தான் பறந்திருக்கிறேன் என்று வைப்பது மேல். வேலை உறுதியான பின் வரும் மருத்துவக் கேள்விகளுக்கு உண்மை தவிர வேறு பதில் கூடாது. அங்கே சொல்லும் பொய் வேலையை இழக்க நியாயமான காரணமாகிவிடும். தவிர, சான்றிதழில் ஏறிய நிபந்தனைகளை விமானிகளின் பதிவேடு வழியாக நிறுவனம் எப்படியும் காணும். ஆகவே இது மறைப்பா வெளிப்படுத்தலா என்ற கேள்வி அல்ல. எந்த வரிசையில், எந்தச் சான்றோடு என்ற கேள்வி.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும், சில விதிவிலக்குகளோடு, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலம் பற்றிக் கேட்பதைத் தடுக்கிறது. இந்தியா உட்பட உலக நாடுகள் ஏற்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் உரிம விதிகளும், வரையறுத்த அளவுகோலை எட்டாதவரை மருத்துவ வல்லுநர் கருத்தும் அவருடைய திறனும் அனுபவமும் பார்த்து ஏற்க இடம் வைத்திருக்கின்றன. கதவு எல்லா நாடுகளிலும் இருக்கிறது. எவ்வளவு திறக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

அதே கால்கள்

1931 டிசம்பர் 14 அன்று இங்கிலாந்தின் வுட்லி விமானத்தளத்தில் தாழப் பறந்து சாகசம் காட்டிய டக்ளஸ் பேடர் என்ற 21 வயது விமானப்படை அதிகாரி விழுந்து இரு கால்களையும் இழந்தார். செயற்கைக் கால்களுடன் மீண்டும் பறக்க முடியும் என்று காட்டினார். ஆனால் அப்படிப்பட்ட ஒருவரை ஏற்பதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை என்று 1933இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓர் எண்ணெய் நிறுவன அலுவலகத்தில் மேசை வேலை பார்த்தார். 1939இல் போர் வந்தது. விமானிகள் தேவைப்பட்டார்கள். மறுபடி பறந்து காட்டச் சொன்னார்கள்; காட்டினார்; படைக்குத் திரும்பினார். 1940இல் ஒரு படைப்பிரிவையே வழிநடத்தினார்.

இந்த 6 ஆண்டுகளில் பேடரின் கால்கள் வளரவில்லை. கேட்கும் கேள்வி மாறியது. உன்னிடம் என்ன இல்லை என்று கேட்டவர்கள், உன்னால் என்ன முடியும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு ஒரு போர் தேவைப்படக் கூடாது. விண்ணப்பப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் இளைஞரிடம் உண்மையைச் சொல் என்று அறிவுறுத்த அரசுக்கும் நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. சொன்ன உடனேயே, வா, பறந்து காட்டு என்று இருக்கையைக் காட்டுபவர்களுக்கே அந்த உரிமை உண்டு.